மைவி வெயிலில் நிற்கட்டும்

எங்கள் வீட்டு மைவி கார் இப்போது வெயிலில் நிற்கிறது. மழையிலும் அங்கேதான். கூரையில் சாயம் வெளுத்து, மைனா எச்சம் காய்ந்து, பார்க்கவே பாவமாக இருக்கிறது என்று என் மனைவி வாரம் ஒருமுறை சொல்கிறாள். நானும் வாரம் ஒருமுறை தலையாட்டுகிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. ஏனென்றால் அந்த மைவி நின்ற இடத்தில், ஜொகூர் ஸ்கூடாயில், எங்கள் தாமானில், 20 அடி அகல வரிசை வீட்டின் கார் போர்ச்சில், இன்று ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. என்னுடைய பட்டறை! இதை எழுதும்போதே கை பரபரக்கிறது, எழுந்து போய் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றுகிறது. (போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டேன். அங்கேயேதான் இருக்கிறது.)

சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறரை மணி. மழை கொட்டித் தீர்த்து இப்போதுதான் விட்டிருக்கிறது, தார் ரோட்டிலிருந்து ஆவி எழும்புகிறது, யார் வீட்டிலோ சம்பால் வதக்கும் நெடி காற்றோடு வந்து மூக்கில் ஏறுகிறது. மேசைமேல் மூன்றடி நீளத்தில் ஒரு பலகை. கையில் இழைப்புளி. பலகையின் இந்தக் கோடியில் அதன் மூக்கை வைத்து, காலை ஊன்றி, இடுப்பிலிருந்து ஒரே தள்ளு. ஸ்ஸ்ஸ்ர்ர்ர்... கேட்கிறதா? மடித்து வைத்த பட்டுப்புடவையை ஒரே உதறலில் விரித்த மாதிரி ஒரு சத்தம்! இழைப்புளியின் வாயிலிருந்து சீவல் சுருண்டு சுருண்டு எழும்புகிறது, மூன்றடிக்கும் அறுபடாமல், தீபாவளிக்கு முறுக்கு பிழிகிற மாதிரி சுற்றிக்கொண்டே வந்து என் மணிக்கட்டில் விழுகிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கும் மைவி நிழலாகத் தெரிகிறது. அவ்வளவு மெல்லிசு! முதல் தடவை அப்படி ஒரு சீவல் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்திவிட்டேன். நாற்பது வயது தாண்டிய ஆள், கைலி கட்டிக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினேன். விரல் போய்விட்டது என்று நினைத்து மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். நான் சீவலைத் தூக்கிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அந்தச் சீவல் இன்னும் என் டைரிக்குள் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மயிலிறகு வைக்கிற மாதிரி.

இந்தப் பைத்தியம் பிடித்தது எப்படி என்று கேட்டால், 2020 மார்ச் 18ஐச் சொல்ல வேண்டும். கொரோனாவுக்காக எல்லாரையும் வீட்டில் அடைத்த எம்சிஓ தொடங்கிய நாள். அதுவரை நான் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்து, ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் ஜொகூர் பாரு வரை ஓட்டி, கடற்பாலத்தில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் உரச ஊர்ந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெருங்கூட்டத்தில் ஒருவன். 1924இல் திறந்த பாலம், ஒரே ராத்திரியில் எங்களுக்கு மூடிக்கொண்டது. வேலை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். தரைவழி முழுசாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அதற்கு நடுவில் எங்கள் சமையலறையில் ஒரு சம்பவம். சிப்போர்டு அலமாரி ஒன்று ஈரத்தில் ஊறி, ரஸ்கு மாதிரி உப்பி, ஒருநாள் மத்தியானம் ஊறுகாய் பாட்டில்களோடு தரைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் மதில்மேல் எட்டிப் பார்த்தார். ஒரு கை ரம்பத்தை நீட்டினார். "நீயே செய் லா, பலகைதானே" என்று மலாயில் சொன்னார். பலகைதானே! அந்த ஒரு சொல்லுக்கு இன்றுவரை நான் செலவழித்த காசை அவரிடம் சொன்னதில்லை.

முதலில் செய்த அலமாரி கோணல். நான்கு காலில் மூன்றுதான் தரையைத் தொடும், எது அந்த மூன்று என்பது நாளுக்கு நாள் மாறும். ஆனால் ரம்பம் மரத்துக்குள் இறங்கியபோது கையில் ஒரு அதிர்வு வந்ததே, கோட்டின் ஓரத்தோடு ஒட்டி ஒட்டிப் போய்க் கடைசியில் டொக்கென்று துண்டு விழுந்ததே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ரம்பம் போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, இடத்துக்கு வருவோம், ஏனென்றால் இடம்தான் எல்லாருக்கும் முதல் கவலை. உங்களிடம் அறை இருக்க வேண்டியதில்லை, தனிக் கொட்டகை இருக்க வேண்டியதில்லை. மலேசியாவில் நம் வரிசை வீடுகளில் முன்னால் கார் போர்ச் என்று ஒன்று கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அதைப் போல ஒரு பட்டறை உலகத்தில் எங்கும் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். மேலே கூரை. மூன்று பக்கம் காற்று. கீழே சிமெண்டுத் தரை, எதைக் கொட்டினாலும் கூட்டிவிடலாம். குளிர்நாடுகளில் கராஜுக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு, கையுறையோடு மரம் அறுப்பார்களாம். பாவம்! நாம் சட்டையில்லாமல் மின்விசிறியைத் திருப்பிவிட்டு அறுக்கலாம். சாரல்தான் ஒரு தொல்லை. வருஷக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் தண்ணீர் படுக்கை வாட்டத்தில் அடிக்கும். அதற்கு உருட்டி ஏற்றி இறக்கும் படுதா இரண்டு மாட்டினேன், முடிந்தது கதை. சுவரிலோ தரையிலோ எதையும் கட்டவில்லை. மேசை முதல் சாமான் பெட்டி வரை எல்லாமே பூட்டு வைத்த சக்கரத்தில் நிற்கின்றன. தீபாவளிக்கு விருந்தாளி வந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ஓரம் தள்ளி நாற்காலி போட்டுவிடலாம். தள்ளிவிட்டு, வந்தவர்களிடம் ஒவ்வொன்றையும் திறந்து காட்டிக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம். இப்போதெல்லாம் சொந்தக்காரர்கள் நேராக வீட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள்.

கரண்டு? நம் ஊர் 13 ஆம்பியர் பிளக் ஒன்று கிட்டத்தட்ட 3000 வாட் தாங்கும். வட்ட ரம்பத்துக்கு அது போதும். ஆனால் அதையும் தூசி உறிஞ்சியையும் ஒரே நீட்டு வயரில் செருகாதீர்கள், லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டுப் போர்ச்சுக்கென்று தனி இணைப்பு இழுத்துவிடுங்கள். இதைச் சொல்லிவிட்டேன், இனி சாமான்களுக்கு ஓடுகிறேன், காத்திருக்க முடியவில்லை.

ஜொகூர் பாருவில் பாசார் கராட் கேள்விப்பட்டிருப்பீர்கள். கராட் என்றால் மலாயில் துரு. பழைய சாமான் விற்ற சந்தைக்குத் துருச்சந்தை என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அந்த நேர்மைக்கே ஒரு கும்பிடு போடலாம். ஒரு ராத்திரி அங்கே துணிக் குவியல்களுக்கும் ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் நடுவில், தார்ப்பாய் மேல், செங்கல் நிறத்தில் ஒரு கட்டி கிடந்தது. துருவுக்குள் எழுத்து தெரிந்தது. ஸ்டான்லி, நான்காம் நம்பர் இழைப்புளி! என் நெஞ்சு அடித்த அடி கடைக்காரருக்குக் கேட்டிருக்கும், அதனால்தான் 20 வெள்ளி சொல்ல வேண்டியதை 35 சொன்னார். பேரம் பேச வாய் வரவில்லை. லெனார்டு பெய்லி என்று ஒரு அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிவமைத்தது, அவருடைய உரிமைகளை ஸ்டான்லி 1869இல் வாங்கியது. பின்னால் ஒரு திருகைச் சுற்றினால் கத்தி மயிரிழை ஏறும், மயிரிழை இறங்கும், இன்றைக்கும் கடையில் புதிதாக வாங்கும் இழைப்புளிகளில் பெரும்பாலானவை அதே ஜாதகம்தான். வீட்டுக்கு வந்து, கழற்றி, வினிகரில் ஒருநாள் முழுக்க ஊறப்போட்டேன். மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்க, சேறு மாதிரி துரு வழிந்து, அடியிலிருந்து சாம்பல் வெள்ளையில் இரும்பு முகம் காட்டியது பாருங்கள், திருவிழாவுக்கு முதல்நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் ஒரு சந்தோஷம் வருமே, அது பத்து மடங்கு! இப்போது வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பெட்டிக்குள் ஒரு கட்டிக் கற்பூரம். சாமி மேடையிலிருந்து எடுத்ததுதான். பெட்டிக்குள் கற்பூரம் வைத்தால் துரு அண்டாது என்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். பெட்டியைத் திறந்தால் கோயில் வாசம் வருகிறது. துருவுக்குப் போட்டேனோ வாசத்துக்குப் போட்டேனோ, எனக்கே தெரியவில்லை.

அப்புறம் மரம். ஐயோ, மரத்தைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது! நாம் இருப்பது மரக் காட்டு நாடு ஐயா. மெராந்தி இருக்கிறது, இழைக்க இழைக்க வெண்ணெய். நியாத்தோ இருக்கிறது, தேக்குக்குத் தங்கச்சி மாதிரி. மெர்பாவ் இருக்கிறது, 2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவித்தார்களே அதே மெர்பாவ், இரும்பு மாதிரி கனம், ஈரம் பட்டால் வெற்றிலை போட்ட வாய்மாதிரி சிவப்பு வடிக்கும், என் போர்ச் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, மனைவிக்கு நாய் துப்பியது என்று சொல்லி வைத்திருக்கிறேன். காசு இல்லையா, கவலையே வேண்டாம். ஒரு பக்கம் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம், இன்னொரு பக்கம் பாசிர் கூடாங் துறைமுகம், இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவனுக்குப் பேலட் மரத்துக்குப் பஞ்சமா? கேட்டுவிட்டு எடுங்கள், எடுக்கும் முன் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, கிட்டே போகாதீர்கள்.

ஆனால் என் மனசைக் கொள்ளை கொண்டது இவை எதுவும் இல்லை. பால்மரம். ஆமாம், நம் ரப்பர் மரம்தான்! மரக்கடைத் தவுக்கே ஒரு பலகையை எடுத்துப் போட்டார். வெளிர் மஞ்சள், பச்சரிசிச் சோற்றில் நெய் ஊற்றிய நிறம், அதில் சின்னச் சின்னக் கோடுகள். "இது என்ன மரம்?" என்றேன். "காயு கெத்தா லா" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். என் தாத்தா பால் வெட்டிய மரம், பாட்டி பால் வெட்டிய மரம், அம்மா பால் வெட்டிய மரம். 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, தாவரவியல் அறிஞர் ரிட்லி துரை தோட்டம் தோட்டமாய்ப் போய் நடச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்ன மரம். எங்கள் குடும்பத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே இந்த மரம்தான். அதன் பாலைத் தெரியும், பட்டையைத் தெரியும், கொட்டை வெடிக்கிற சத்தம் தெரியும், கொட்டையைத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பையன் தொடையில் சூடு வைத்ததுகூட நினைவிருக்கிறது. உள்ளே இப்படி ஒரு மரம் இருப்பது மட்டும் தெரியாது! அந்தக் காலத்தில் பால் வற்றிய மரத்தை வெட்டினால் அடுப்புக்குப் போகும், ஷீட்டு காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் போகும். வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், பூச்சி துளைத்துவிடும், அவ்வளவு மாவுச்சத்து அதில். பிறகுதான் அறுத்த கையோடு போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தப் படித்தார்கள். அதற்குப் பிறகு நம் ஜொகூர் மாநிலத்து மூவார், நாற்காலி மேசை செய்து உலகத்துக்கே அனுப்புகிற ஊராகிவிட்டது. 25, 30 வருஷம் பால் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் மேசையாகவும் நிற்கிறது. இதைவிட ஒரு மரம் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்!

வாங்கி வந்தேன். இரண்டு வாரம் போர்ச்சிலேயே கிடக்கட்டும் என்று விட்டேன், நம் காற்றின் ஈரத்துக்கு மரம் பழக வேண்டும். மரம் குறுக்கே ஊதும், நெடுக்கே ஊதாது, இந்த ஒரு வரி தெரிந்தால் பாதித் தச்சு தெரிந்த மாதிரி. பிறகு இழைப்புளியை எடுத்து ஆசையாக ஒரு தள்ளு தள்ளினேன். கர்ர்ரக். கடித்துக் குதறிவிட்டது. சீவல் வரவில்லை, தூளும் சிலாம்பும் வந்தன. இன்னொரு தள்ளு. இன்னொரு குதறல். கத்தி மொட்டை. வீடியோ பார்த்துத் தீட்டினேன். 1000 நம்பர் கல், 6000 நம்பர் கல், 25 பாகை, 30 பாகை, கோணம் பிடிக்கச் சக்கரம் வைத்த ஒரு கருவி, தோல் பட்டை, பச்சை மெழுகு, எல்லாம் வாங்கினேன். மூன்று வாரம் தீட்டினேன். தக்காளிகூட நசுங்கியது.

ஒருநாள் காலை ஐந்தரை. அம்மாவுக்கு அந்த நேரத்துக்கு மேல் தூக்கம் கிடையாது. கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் 28 வருஷம் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்ற உடம்பு, இன்றைக்கும் சேவலுக்கு முன்னால் எழுந்துவிடும். காப்பிக் குவளையோடு போர்ச்சுக்கு வந்து, நான் கல்லோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னாடா தம்பி பண்ற?"

"கத்தி தீட்டுறேன்மா."

"தீட்டுற மாதிரி இல்லியே. சத்தமே சரியில்ல."

குவளையைக் கீழே வைத்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் குந்தினார். கோணம் பிடிக்கிற என் கருவியை இரண்டு விரலால் பிடுங்கி ஓரமாகப் போட்டார், சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி. கல்லில் தண்ணீர் தெளித்தார். கத்தியைச் சாய்த்து வைத்து, மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து, ஒரே சீராக இழுத்தார். ஸ்ருக், ஸ்ருக், ஸ்ருக். நடுவில் ஒருமுறை சத்தம் மாறியது. எனக்கே கேட்டது! கரகரப்பு போய், ஈரத்துணியில் கை வழுக்குகிற மாதிரி ஒரு சன்னமான ஓசை. "இப்ப திருப்பணும்" என்றார். திருப்பி இரண்டு இழுப்பு, பிசிறு எடுத்தார். கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்தார். வழுக்கவில்லை, நகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ம், இந்தா." மொத்தம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. யோசித்துப் பாருங்கள், பால்மரத்தில் ஒவ்வொரு வெட்டும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போய் உள்தோலில் காயம் பட்டால் மரம் முடிச்சு விழுந்து கெட்டுப்போகும், கிராணியிடம் ஏச்சு வேறு. தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு காலைக்கு நூற்றுக்கணக்கான மரம், 28 வருஷம். நான் யூடியூப் பார்த்துக்கொண்டு உலகத்தின் தலைசிறந்த கத்திக்காரரைத் தேடுகிறேன், அவர் என் வீட்டுச் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறார்! அன்று சாயங்காலம்தான் அந்த மூன்றடிச் சீவல் வந்தது. நான் கத்தியதும் அன்றுதான்.

அதன்பிறகு நான் நிற்கவில்லை. நிறுத்த யாராலும் முடியவில்லை. பட்டறை மேசை ஒன்று செய்தே தீருவேன் என்று கிளம்பினேன். 1769இல் தொடங்கி ரூபோ என்று ஒரு பிரெஞ்சுத் தச்சர் தன் தொழிலைப் படமும் பாடமுமாகப் பெரிய புத்தகங்களாக எழுதி வைத்தார். அவர் வரைந்த மேசையைத்தான் இன்றைக்கும் உலகமெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். கனத்த பலகை ஒன்று, அதன் விளிம்புகளோடு சமமாக நிற்கும் நான்கு கால், காலின் கழுந்து பலகையைத் துளைத்து மேலே வந்து முகம் காட்டும், அவ்வளவுதான், ஆனால் அசையாது. பாரிஸில் வரைந்த மேசையை ஸ்கூடாயில் பால்மரத்தில் செய்கிறோம் என்று நினைக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பலகைகளைக் கீற்றுக் கீற்றாய் அறுத்து, நிறுத்தி வைத்து, ஒன்றோடொன்று பசை போட்டு ஒட்டி மூன்று அங்குல கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். நம் வெயிலில் பசை ஐந்து நிமிஷத்தில் தோல் கட்டிவிடும். கிளாம்பு எத்தனை இருந்தாலும் இரண்டு குறையும், இது தச்சுலகத்தின் சட்டம். என்னிடம் ஐந்தே ஐந்து. பசையைப் பூசிவிட்டேன், கீற்றுகள் சறுக்குகின்றன, நான் அலறுகிறேன், மகள் ஓடி வந்து ஒரு முனையைப் பிடிக்கிறாள், சீன அங்கிள் மதில்மேல் நின்று மலாயிலும் சீனத்திலுமாகக் கட்டளை போடுகிறார், கடைசியில் மோட்டார் சைக்கிளின் பழைய டியூபை வார் வாராக அறுத்து, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினேன். என்ன பிடி தெரியுமா! இரும்புக் கிளாம்பு தோற்றது. மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, பால்மரத்தின் மரத்தைப் பால்மரத்தின் பாலால் கட்டி வைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து ஐந்து நிமிஷம் சிரித்தேன். அப்புறம் உளியும் கொட்டாப்புளியுமாகத் துளை போடுவது. டொக், டொக், டொக், ஒவ்வொரு அடிக்கும் சில்லு தெறிக்கும், லேசாக ஒரு புளிப்பு வாசம் எழும்பும். நான்கு ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் காலைத் துளைக்குள் இறக்கியபோது, பாதிவரை சும்மா போய், பிறகு இறுகி, பிறகு காற்று வெளியேறுகிற மாதிரி ஒரு சின்ன 'ப்ஸ்' சத்தத்தோடு போய் உட்கார்ந்தது. அந்த 'ப்ஸ்' இருக்கிறதே, அந்தச் சத்தத்துக்கு நான் சொத்தெழுதிக் கொடுப்பேன். மேசையின் எடை 70 கிலோ வரும். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய், விளக்கைப் போடாமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொருதரம் ஆட்டிப் பார்த்தேன்.

குறையே இல்லையா என்றால், ஒன்றிரண்டு, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். மரத்தூள் பொல்லாதது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே அதைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. தூசியை வடிகட்டும் முகக்கவசம் இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் ஒருமுறை சுருட்டிப் போட்டு, குப்பைத் தொட்டி புகைந்து, மனைவி ஒரு வாரம் பேசவில்லை. இப்போது விரித்துக் கொடியில் காயப்போடுகிறேன். இன்னொன்று, காசு. நான் செய்த புத்தக அலமாரியின் செலவைக் கணக்குப் பார்த்தால் கடையில் நான்கு வாங்கியிருக்கலாம். அதனால் கணக்குப் பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில் ஒரு கதை படித்தேன், அதைச் சொல்லாமல் விட முடியாது, கையைப் பிடித்து நிறுத்தியாவது சொல்வேன். ஜார்ஜ் நகாஷிமா, மரவேலை உலகத்தில் பெரிய பெயர், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். மரப்பலகையின் இயற்கை விளிம்பை வெட்டாமல் அப்படியே விட்டு, வெடிப்பு வந்த இடத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு கட்டை பதித்து மேசை செய்வார். அந்த மனுஷர் முப்பதுகளில் எங்கே இருந்தார் தெரியுமா? புதுச்சேரியில்! அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டடத்தை எழுப்புகிற வேலையை 1937 முதல் 1939 வரை அங்கேயே தங்கிப் பார்த்தார். ஆசிரமத்தில் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தர். பிறகு போர் வந்து, அமெரிக்க அரசு ஜப்பானியரை முகாமில் அடைத்தபோது, அங்கே கூட இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை கற்றுக்கொண்டாராம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடைபட்டுக் கிடந்த இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கற்றுக்கொண்டார். நான் யார், அவர் யார், ஒப்பிடவே கூடாது, தெரியும். ஆனாலும் பாலம் மூடி, வீட்டில் அடைபட்டு, பக்கத்தில் குந்திய அம்மாவிடம் தீட்டக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் ஒரு சின்ன உறவு கொண்டாடிக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் போர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். எதிர்வீட்டு மாக்சிக் ரொட்டி பிசையும் பலகைக்கு அளவு சொல்லிக்கொண்டிருப்பார், கூலியாகக் குவே ஒரு தட்டு முன்கூட்டியே வந்துவிடும். சீன அங்கிள் தன் ரம்பத்தைத் திருப்பிக் கேட்க வந்து, கேட்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், நான்கு வருஷமாக அப்படித்தான். மகள் சீவலைப் பொறுக்கித் தலையில் செருகிக்கொண்டு ஓடுவாள். எனக்கு வேர்வை கண்ணில் இறங்கும், கை காய்த்திருக்கும், முழங்கை வரை தூள் அப்பி, கோயில் திருநீறு பூசின மாதிரி இருப்பேன், ஐந்து நாள் பாலத்தில் இழுத்த புகையெல்லாம் மூக்கிலிருந்து போய் மர வாசம் ஏறியிருக்கும், ஒரு கோடு போடுவேன், அறுப்பேன், கோட்டிலேயே போகும், ஐயோ கோட்டிலேயே போகும்! மாசச் சம்பளம் வாங்கி என்றைக்காவது இப்படிச் சிரித்திருக்கிறேனா? உங்கள் வீட்டில் கார் போர்ச் இருக்கிறதா? காரை வெளியே எடுங்கள். இன்றைக்கே எடுங்கள். ஒரு ரம்பம், ஒரு உளி, ஒரு சுத்தி, ஒரு மூலமட்டம், ஒரு பழைய இழைப்புளி. ஆரம்பிக்க இது போதும், மற்றது தானாக வந்து சேரும், உங்கள் மனைவி வேண்டாம் என்றாலும் வந்து சேரும்.

மேசை முடிந்ததும் முதல் ஆர்டர் அம்மாவுடையது. குந்தி உட்கார முட்டி வலிக்கிறது, ஒரு மணை வேண்டும் என்றார். பால்மரத்தில்தான் செய்தேன். ஒரு ஆணி இல்லாமல், கழுந்து வைத்து, எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சந்தேகம்.

"எந்த மரம் இது?"

"நீங்க வெட்டுன மரம்தாம்மா. பால்மரம்."

"பால்மரமா! அடுப்பெரிக்கிற மரத்துல போயா செஞ்ச? மூணே மாசத்துல பூச்சி அரிச்சு மாவாக் கொட்டிடும்டா."

போரான் மருந்து, அழுத்தம், சூளை, மூவார், எல்லாம் விளக்கினேன். எதுவும் ஏறவில்லை. 28 வருஷம் அந்த மரத்தோடு பழகியவருக்கு நான் பாடம் எடுக்க முடியுமா? ஆனால் மணையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு, காப்பிக்கு முன்னால், மணையைக் கவிழ்த்துப் போட்டு, கீழே மாவு கொட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். இரண்டு வருஷமாகிவிட்டது. நேற்றும் தடவினார். நான் உள்ளே படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

"இன்னும் வரல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதன்மேலேயே உட்கார்ந்து காப்பி குடித்தார்.